கரியைப் புடைக்கும் காற்று

தேநீர்க் கடை அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு கிடந்தது. கடைக்கார மாவுசி அதற்குள் கையை விட்டு இரண்டு கட்டிகளை எடுத்தார். இரண்டும் கறுப்பு, ஏறத்தாழ ஒரே அளவு. கைக்கொன்றாக வைத்து ஒரு கணம் தூக்கிப் பார்த்தார். இடது கையில் இருந்ததைச் சாலையோரம் எறிந்தார். வலது கையில் இருந்தது அடுப்புக்குள் போயிற்று. எறிந்த கட்டியைக் காட்டி "பொத்தொரொ" என்றார். ஒடிய மொழியில் கல். அடுப்பில் போட்டது "கொய்லா".

எனக்கும் இரண்டு கட்டிகளைக் கொடுங்கள் என்று சைகையில் கேட்டேன். கொடுத்தார். கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது. ஒன்று எதிர்பார்த்ததைவிட லேசு. மற்றது மணிக்கட்டைக் கீழே இழுத்தது. நல்ல நிலக்கரி தண்ணீரைப் போல ஒன்றரை மடங்குக்குள் எடையுள்ளது. அதோடு கலந்து வரும் களிப்பாறை இரண்டேகால், இரண்டரை மடங்கு. உலகத்தில் நிலக்கரியைச் சுத்தப்படுத்தும் ஆலைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டை நம்பித்தான் ஓடுகின்றன. ஒடிசாவின் தால்ச்சேர் நகரில், காலை ஆறரை மணிக்கு, அடுப்புப் பற்ற வைக்கும் ஒரு பெண் அதை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் செய்துகொண்டிருந்தார்.

நான் வட சென்னைக்காரன். அத்திப்பட்டுப் பக்கம் வளர்ந்தவனுக்கு நிலக்கரி என்பது கடலில் இருந்து வருகிற பொருள். கப்பலில் வந்து, ஓடும் பட்டையில் ஏறி, புகைக்கூண்டுக்குக் கீழே மறைந்து, சாம்பலாக வெளியே வரும். அந்தச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்ததைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன் நான். இறால் பிடிக்க இறங்கியவர்கள் கால் புதைந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊருக்கு இவ்வளவு சாம்பல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எனக்குள் வெகு காலமாக இருந்தது. விடை பாரதீப் துறைமுகத்துக்குப் பின்னால், ரயில் பாதையில் சுமார் 200 கிலோமீட்டர் உள்ளே, தால்ச்சேரில் இருந்தது. அதனால் பங்குனி வெயிலில், கரி வரும் வழியில் எதிர்த்திசையாகப் புறப்பட்டேன். சென்னையிலிருந்து கட்டாக் வரை ஓர் இரவு. அங்கிருந்து தேங்கானால் வழியாகக் கிளைப் பாதையில் சில மணி நேரம். எதிரே வந்த சரக்கு ரயில்கள் எல்லாவற்றிலும் கரி. எங்கள் ரயில் ஒதுங்கி நின்று அவற்றுக்கு வழிவிட்டது.

தால்ச்சேரில் எனக்கு வழிகாட்டியவர் ஒரு திருநெல்வேலிக்காரர். வயது 70-ஐ நெருங்குகிறது. கரி ஏற்றும் இடங்களில் மாதிரி எடுக்கும் வேலையில் வந்து, மகளை இங்கேயே கட்டிக்கொடுத்து, இங்கேயே தங்கிவிட்டவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். முப்பது வருடமாக அவர் செய்தது ஒரே காரியம்: வேகனில் இருந்து கரியை எடுத்து, நொறுக்கி, கோபுரமாகக் குவித்து, தலையைத் தட்டித் தட்டையாக்கி, நான்காக வகுத்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை வைத்துக்கொண்டு மற்ற இரண்டைத் தள்ளி, மீண்டும் குவித்து, மீண்டும் வகுத்து, கடைசியில் ஒரு பிடி மாவாக்கி ஆய்வுக்கு அனுப்புவது. நாலாயிரம் டன்னுக்கு அந்த ஒரு பிடிதான் சாட்சி.

"தம்பி, கணக்கு சொல்லுதேன் கேளும்," என்றார் முதல் நாளே. "ஒரு ரேக்குல, அதான் ஒரு கரி ரயில்ல, 58 வேகன். நூத்துக்கு நாப்பது சாம்பல்னு வச்சிக்கிடும். அப்பம் 23 வேகன் வெறுஞ் சாம்பலுக்குள்ளது. இஞ்சின் அதையும் சேத்துத்தான இழுக்கு? கப்பலும் அதையும் சேத்துத்தான சொமக்கு?"

நூற்றுக்கு நாற்பது என்பது அவர் மிகைப்படுத்திச் சொன்னதல்ல. இந்திய அனல் மின் நிலையக் கரியில் 35 முதல் 45 சதவீதம் சாம்பல் இருப்பது வழக்கம். இங்கே கிடைப்பதில் பெரும்பகுதி தர வரிசையின் பின்பாதியைச் சேர்ந்தது. ஜி-13 என்று ஒரு தரம். கிலோவுக்கு 3,400 முதல் 3,700 கிலோகலோரி. முதல் தரமான ஜி-1 என்றால் 7,000-க்கு மேல். அதாவது அங்கே ஒரு கிலோ தருகிற வெப்பத்துக்கு இங்கே இரண்டு கிலோ எரிக்க வேண்டும்.

ஏன் இப்படி என்பதற்கான காரணமும் இந்த ஊர் மண்ணிலேயே இருக்கிறது. நிலவியல் படித்தவர்களுக்குத் தால்ச்சேர் என்பது சுரங்கப் பெயர் மட்டுமல்ல. 1856-ல் நிலவியலாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும் இங்கே மென்மையான களிமண் பாறைக்குள் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் புதைந்திருப்பதைக் கண்டு, இவற்றைப் பனிக்கட்டிதான் சுமந்து வந்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள். வெயிலுக்குப் பேர்போன ஊரில் பனியாறு. அந்தப் பாறை அடுக்குக்கு இன்றும் தால்ச்சேர் அடுக்கு என்றே பெயர். பனி உருகிய பிறகு, சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இந்தப் பள்ளத்தாக்குகளில் ஆறுகள் ஓடின. வெள்ளம் மரம் செடிகளை அடித்துக்கொண்டு வந்து படிய வைத்தபோது வண்டலையும் சேர்த்தே படிய வைத்தது. கரியும் களிமண்ணும் இழை இழையாகப் பின்னிக் கிடக்கின்றன. சதுப்பில் நின்ற இடத்திலேயே மட்கிய ஐரோப்பியக் கரிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை அங்கே தொடங்குகிறது.

மறுநாள் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தின் விளிம்புக்குப் போனோம். படிப்படியாகச் செதுக்கிய பள்ளம். அடியில் நகரும் டம்பர் லாரிகள் தீப்பெட்டி போலத் தெரிந்தன. மேல் படிகளில் செம்மண்ணும் மணற்பாறையும், கீழே கறுப்பு. ஆனால் அந்தக் கறுப்பை உற்றுப் பார்த்தால் அது ஒரே கறுப்பாக இல்லை. சாம்பல் நிறக் கோடுகள் ஊடே ஓடின. சில கோடுகள் ஒரு முழம், சில கோடுகள் விரலளவு. வெடி வைத்து உடைத்தால் கோடும் கறுப்பும் ஒன்றாகக் குவியும். பிறகு பிரிக்கப் படாத பாடு பட வேண்டும்.

அடியில் ஓர் இயந்திரம் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. வயிற்றுக்கடியில் பற்கள் பதித்த உருளை. தேங்காய்த் துருவி போலக் கரிப்படுகையைச் சீவிக்கொண்டே போனது. சர்ஃபேஸ் மைனர் என்று எல்லா மொழிக்காரரும் அதைச் சொல்கிறார்கள். இங்குள்ள சுரங்கங்களில் கரியின் பெரும்பகுதியை இப்போது இதுதான் வெட்டுகிறது. வெடி வேண்டாம், தனியாக நொறுக்க வேண்டாம் என்பது அதன் முதல் பெருமை. எனக்குப் பிடித்தது வேறொன்று. கல் கோடு வந்தால் ஓட்டுநர் அதைத் தனியாகச் சீவித் தனியாக ஒதுக்கலாம்.

"மொதல்ல கலக்காம இருந்தாலே பாதி கழுவுன மாதிரி," என்றார் அண்ணாச்சி. "அந்த டிரைவர் பொறுமையா ஓட்டுனா எம் மாதிரில சாம்பல் கொறையும். அவசரப்பட்டா கூடும். அம்புட்டுத்தான்."

இதைவிட நல்ல உலர்முறைச் சுத்திகரிப்பு வேறில்லை என்று எனக்கும் தோன்றியது. ஆனால் கோடு விரலளவாக இருக்கிற இடத்தில் எந்தப் பொறுமையும் உதவாது. கல் கரியோடு மேலே வரத்தான் செய்யும்.

வந்த கல்லை என்ன செய்வது? உலகம் முழுவதும் வழக்கமான பதில்: கழுவு. நம் வீட்டில் அரிசி அரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிச் சட்டியைச் சுழற்றிச் சாய்த்தால் அரிசி வழிந்து அடுத்த சட்டிக்குப் போகும். கல் அடியில் தங்கும். கரி கழுவும் ஆலைகளில் தண்ணீரை மேலும் கீழும் துடிக்க விடுவார்கள். அல்லது காந்த இரும்புத் தாதுவைப் பொடியாக்கித் தண்ணீரில் கரைத்துக் கனமான குழம்பாக்கி, அதில் கரி மிதக்கக் கல் மூழ்கச் செய்வார்கள். மிகக் கூர்மையாகப் பிரிக்கும் முறை. குறை சொல்ல முடியாத முறை, ஆற்றில் தண்ணீர் இருந்தால், கழிவுக் குட்டைக்கு இடம் இருந்தால், கழுவிய கரியை யாராவது காய வைத்துக் கொடுத்தால். ஈரத்தோடு கொதிகலனுக்குப் போகும் கரி தன் ஈரத்தை ஆவியாக்கவே தன் வெப்பத்தைச் செலவிடும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 600 கிலோகலோரிக்கு மேல் வேண்டும். ஏற்கெனவே 3,500 கிலோகலோரியோடு தள்ளாடும் கரிக்கு அது சிறு இழப்பல்ல.

நெய்வேலியில் நிலைமை நேர் எதிர். அங்கே பழுப்பு நிலக்கரியில் கல் குறைவு, ஈரம் ஏறக்குறையப் பாதி. ஆழத்தில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். அங்கே தரம் உயர்த்துவது என்றால் உலர்த்துவது. தால்ச்சேரில் அது கல்லை எடுப்பது.

அன்று மாலை பிராமணி ஆற்றங்கரைக்குப் போனோம். ஊரைத் தொட்டு ஓடுகிற பெரிய ஆறு. பங்குனியில் மணல் திட்டுகளுக்கு இடையே தண்ணீர் பிரிந்து பிரிந்து நகர்ந்தது. கோடையில் இங்கே வெப்பம் 45 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. இந்த ஆற்றை நம்பி மின் நிலையங்கள், உருக்காலை, அலுமினிய உருக்காலை, சுரங்கங்கள், அத்தனை கிராமங்கள். நந்திரா என்ற ஓடை தொழிற்சாலைகளுக்கு நடுவே ஓடிவந்து இதில் கலக்கிறது. அங்குல்-தால்ச்சேர் பகுதியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் நாட்டின் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் வைத்தது. சுரங்கம் ஆழமாக ஆகப் பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டம் இறங்கும். இது எந்தச் சுரங்கப் பகுதிக்கும் பொது விதி. ஒரு கிராமத்து முனையில் டேங்கர் லாரிக்காகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. குடத்துக்குச் சொந்தக்காரர்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் காட்சியை நான் அத்திப்பட்டில் பார்த்து வளர்ந்திருக்கிறேன். இங்கே இன்னொரு கழுவும் ஆலைக்குத் தண்ணீர் கேட்பவர் இந்தக் குடங்களின் முன்னால் வந்து நின்று கேட்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே நினைத்தேன்.

கழுவாமலே அனுப்பினால் தண்ணீர் மிச்சம் என்றும் சொல்ல முடியாது. எரித்த பிறகு கல் சாம்பலாகிறது. பல மின் நிலையங்களில் அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கித்தான் குழாய் வழியே குட்டைக்கு அனுப்புகிறார்கள். சாம்பலைவிடப் பல மடங்கு தண்ணீர் அதற்கு வேண்டும். எங்கள் ஊர்க் கழிமுகத்தில் நான் பார்த்தது அப்படிக் கரைந்து வந்த சாம்பல்தான். ஆகக் கல்லுக்குத் தண்ணீர் இரண்டு இடத்தில் கேட்கிறது: கழுவும் இடத்தில், அல்லது கரைக்கும் இடத்தில். தால்ச்சேரில் மிச்சப்படுத்துகிற தண்ணீரை அத்திப்பட்டில் செலவழிக்கிறோம். இரண்டு ஊரிலும் குடத்தோடு காத்திருப்பவர்கள் ஒரே வகை மனிதர்கள். கல்லை இங்கேயே, தண்ணீர் இல்லாமல், எடுத்துவிட வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

சட்டம் ஒரு காலத்தில் இந்தத் திசையில் நடந்தது. சுரங்கத்திலிருந்து 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மின் நிலையங்கள் 34 சதவீதத்துக்கு மேல் சாம்பல் உள்ள கரியை எரிக்கக் கூடாது என்று 1997-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்தது. 2014-ல் அந்தத் தூரத்தை 500 கிலோமீட்டராக இறுக்கினார்கள். 2020 மே மாதம் அந்தக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். கழுவும் ஆலைகளே மாசு உண்டாக்குகின்றன, ஒதுக்கிய கழிவுக் கரி வேறு எங்கோ எரிக்கப்படுகிறது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்தக் காரணத்தில் உண்மை உண்டு. ஆனால் அதற்குச் சரியான மறுமொழி வேறு விதமாகச் சுத்தம் செய்வதே. சுத்தமே வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கோபால்பிரசாத் கிராமத்துக்கு அண்ணாச்சி என்னைக் கூட்டிப்போனது கரி பார்க்க அல்ல, கும்பிட. ஹிங்குளா தேவி. ஆண்டு முழுவதும் மறைந்திருக்கும் தேவி சித்திரைத் திருவிழாவின்போது நெருப்பாக வெளிப்படுவாள் என்பது இந்த வட்டாரத்து நம்பிக்கை. பூமிக்குள் இருக்கும் கரியில் எழும் தீ. மக்கள் அதற்குப் படையலிடுவார்கள். சுரங்கம் வருவதற்கு முன்பே இந்த மண்ணுக்குள் எரிகிற பொருள் இருப்பதை இங்குள்ளவர்கள் அறிந்திருந்தார்கள். அதைத் தாயென்று அறிந்திருந்தார்கள். திருவிழாவுக்கு இன்னும் நாட்கள் இருந்தன. பந்தல் போடக் குழி தோண்டிக்கொண்டிருந்த இளைஞன் மண்ணைத் தள்ளி, கறுப்பாக வந்த சில்லுகளைத் தனியே ஒரு துணியில் எடுத்து வைத்தான். நான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தால்ச்சேரிலிருந்து புவனேஸ்வரம் போனேன். அங்கே கனிம ஆராய்ச்சிக்கு நீண்ட மரபு உண்டு. அங்குள்ள கனிம, பொருள் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1964-லிருந்து இயங்குகிறது. சாம்பல் மிகுந்த இந்தியக் கரியைத் தண்ணீர் இல்லாமல் பிரிக்கும் சோதனைகள் அங்கே நடந்து, வெளியிடப்பட்டும் இருக்கின்றன. நான் போனது நகரத்தின் இன்னொரு மூலையில், மாணவர்களுக்குப் பாடம் நடக்கும் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு. பொறுப்பில் இருந்த பேராசிரியை முதலில் ஒரு கண்ணாடிக் குழாயைக் காட்டினார். பானை அகலம், இடுப்பளவு உயரம். பாதிவரை கறுப்புப் பொடி: காந்த இரும்புத் தாது. அதன்மேல் ஒரு கரிக்கட்டியை வைத்தார். மணல்மேல் வைத்தது போல அப்படியே கிடந்தது. ஒரு கல்லை வைத்தார். அதுவும் கிடந்தது.

பிறகு அடியிலிருந்து காற்றைத் திறந்தார். பொடி மெல்ல உப்பிற்று. மேல்மட்டம் அசைந்தது. அடுத்த நொடி கஞ்சி கொதிப்பது போலக் குமிழிகள். கல், யாரோ காலைப் பிடித்து இழுத்தது போல, உள்ளே போயிற்று. கரிக்கட்டி மேலேயே தத்தளித்து மிதந்தது. விரலால் அதை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன்; துள்ளி மேலே வந்தது. விரல் நனையவில்லை. எத்தனை முறை அமுக்கினேன் என்று தெரியாது. பேராசிரியை பொறுமையாக நின்றார்.

காற்று ஊடுருவிய பொடி திரவத்தைப் போல நடந்துகொள்கிறது. காற்றைக் கூட்டியும் குறைத்தும், பொடியின் கலவையை மாற்றியும் அந்தத் திரவத்தின் கனத்தைக் கரிக்கும் கல்லுக்கும் நடுவே நிறுத்தலாம். கழுவும் ஆலையில் உள்ள அதே தாதுப் பொடி, அதே மிதத்தல், மூழ்குதல். தண்ணீர் மட்டும் இல்லை. கரியில் ஒட்டிய பொடியைக் காந்தத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சீனாவின் சுசோ நகரச் சுரங்கப் பல்கலைக்கழகத்தில் சென் சிங்ரு என்ற அறிஞரும் அவர் குழுவினரும் இதற்காகப் பல ஆண்டுகள் உழைத்து, 1994-ல் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் மணிக்கு 50 டன் பிரிக்கும் ஆலையை ஓட்டிக் காட்டினார்கள். சீனாவின் கரியில் பெரும்பகுதி வறண்ட வடக்கிலும் வடமேற்கிலும் இருக்கிறது. அங்கே அவர்களைத் தேட வைத்தது தண்ணீர் இல்லாமைதான்.

அடுத்த அறையில் ஒரு கட்டில் அளவு மேசை, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மேல் தளம் முழுக்கச் சிறு துளைகள். குறுக்கே வரிவரியாகத் தடுப்புகள். மின்விசையைப் போட்டதும் தளம் நடுங்கியது, துளைகளில் காற்று சீறியது. மேலே கொட்டிய கரி ஒரு நிமிடத்துக்குள் தானே பிரிந்து நின்றது. லேசான கரி காற்றில் ஏறி மேலடுக்காகி, சாய்வில் வழிந்து ஓரத்தில் விழுந்தது. கனத்த கல் தளத்தோடு ஒட்டி, நடுக்கத்தால் உந்தப்பட்டு, தடுப்புகளின் வழியே மறுமுனைக்கு நடந்து போயிற்று.

இதை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்ற நினைப்பு வந்துவிட்டது. செங்குன்றம் அரிசி ஆலை! அப்பா நெல் அரைக்கப் போகும்போது கூடப் போவேன். அங்கே நடுங்கிக்கொண்டே நிற்கும் கல் நீக்கும் இயந்திரத்தில் அரிசி கீழே இறங்க, கல் மேலே ஏறிப் போவதைப் பார்த்து மலைத்து நின்ற பையன் நான். இதுவும் அதுவும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துக்கும் மூத்தது முறம். பாட்டி முறத்தைத் தட்டிப் புடைக்கும்போது உமி பறக்கும். கொழிக்கும்போது குருணை ஒருபுறம், அரிசி ஒருபுறம், கல் ஒருபுறம் ஒதுங்கும். புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், தூற்றுதல் என்று நமக்கு இத்தனை சொற்கள். ஒவ்வொன்றும் கையின் ஒரு தனி அசைவு. ஒவ்வொன்றும் தண்ணீர் படாத சுத்தம். பேராசிரியையிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்து, ஒடியாவில் முறத்துக்குக் "குலா" என்று பெயர் சொன்னார். தன் அம்மாவின் கையில் பார்த்த அசைவை மேசைக்கு மேல் செய்து காட்டினார்.

மூன்றாவது வகையைக் காணொளியில்தான் பார்த்தேன். கடையில் "சார்ட்டெக்ஸ் அரிசி" என்று மூட்டையில் எழுதியிருப்பார்களே, கறுப்பு அரிசியைக் கண் வைத்துப் பார்த்து, காற்றை ஊதித் தள்ளும் இயந்திரம், அதன் தம்பி இது. கரியும் கல்லும் இரண்டும் கறுப்பு என்பதால் இங்கே கண் போதாது, எக்ஸ்-கதிர் பார்க்கிறது. கரி பெரும்பாலும் கார்பன், அணு எண் 6. கல்லில் அலுமினியம் 13, சிலிக்கன் 14. கனத்த அணுக்கள் கதிரை அதிகமாக விழுங்கும். இரண்டு வேறு ஆற்றலில் கதிரைப் பாய்ச்சி ஒப்பிட்டால், கட்டி தடிமனா மெலிசா என்பது கணக்கில் அடிபட்டு, அது என்ன பொருள் என்பது மட்டும் எஞ்சும். வேகமாக ஓடும் பட்டையின் முனையில் கட்டி காற்றில் பாயும் அந்தக் கணத்தில் கல்லை மட்டும் ஒரு காற்றடி அடித்துத் தள்ளிவிடுகிறது. ஒரு காலத்தில் கரிப் பட்டையின் இரு பக்கமும் பெண்கள் நின்று கையால் கல் பொறுக்கினார்கள். தூசியை மூச்சில் வாங்கிக்கொண்டு செய்த வேலை. அந்த வேலையை ஓர் இயந்திரம் எடுத்துக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சியே.

குறைகளைப் பேராசிரியை மறைக்கவில்லை. காற்றின் வெட்டு தண்ணீரின் வெட்டைப் போலக் கூர்மையாக இராது. காற்று மேசையில் கொஞ்சம் கரி கல்லோடு போகும், கொஞ்சம் கல் கரியோடு வரும். கட்டிகளைத்தான் இவை பிரிக்கும், தூளை அல்ல. கரிக்குள்ளேயே இழையாகப் பின்னிய சாம்பலை எந்தக் காற்றும் எடுக்காது. நாற்பதை முப்பத்து நான்காக்கலாம், பத்தாக்க முடியாது. தூசி பறக்கும், அதைப் பிடிக்கச் சுழற்கலனும் துணிப்பை வடிகட்டியும் வேண்டும், அவற்றைப் பூட்டி வைக்காமல் ஓட்டவும் வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி மழை. ஈரமான கரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், களிமண் பசையாகிவிடும், மேசை மேல் எதுவும் நகராது. அமெரிக்காவில் காற்று மேசைகள் 1960-கள் வரை நன்றாக ஓடின. பிறகு சுரங்கத்துக்குள் தொழிலாளர் நுரையீரலைக் காக்கத் தூசியின்மேல் தண்ணீர் தெளிப்பது கட்டாயமாயிற்று. கரி ஈரமாகவே மேலே வந்தது. மேசைகள் ஒவ்வொன்றாக நின்றன. சரியான காரணத்துக்காகத்தான் நின்றன.

ஒடிசாவில் ஆனி முதல் புரட்டாசி வரை அடைமழை. அந்த மாதங்களில் கூரை போட்ட கிடங்கு வேண்டும், அல்லது எக்ஸ்-கதிர்ப் பிரிப்பானை மட்டும் நம்ப வேண்டும். மற்ற எட்டு மாதம் இந்த ஊரின் வெயிலே உலர்த்திக் கொடுக்கிறது. எட்டு மாதம் கல்லை எடுத்தாலும் லட்சக்கணக்கான டன் கல் ரயில் ஏறாமல், பிறந்த பள்ளத்திலேயே திரும்ப விழும். வெட்டியெடுத்த பள்ளங்களை நிரப்ப எப்படியும் மண் வேண்டும்தானே.

பேராசிரியை ஒன்று சொன்னார், அது என்னோடு தங்கிவிட்டது. "எங்கள் ஊரில் எரிகிற கரி உங்கள் ஊருக்கு மின்சாரமாகவும் வருகிறது." தால்ச்சேரிலிருந்து கர்நாடகத்தின் கோலார் வரை நேர்மின் கம்பி 2003-லிருந்து ஓடுகிறது, தென் மாநிலங்கள் அதில் பங்கு வாங்குகின்றன. கம்பியில் வந்தால் சாம்பல் இங்கே தங்கும். கப்பலில் வந்தால் சாம்பல் அங்கே தங்கும். எரிப்பதையே குறைக்கிற நாள் வர வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அந்த நாள் வரையில் தினமும் ஏறிக்கொண்டிருக்கிற ரேக்குகளைப் பற்றித்தான் பேசினோம்.

கடைசி நாள் பாரதீப். அண்ணாச்சியும் வந்தார், கப்பலைப் பார்த்துப் பல வருடமாயிற்றாம். 1974-ல் தொடங்கிய பூம்புகார் கப்பல் கழகம் இந்தக் கரையிலிருந்தும் தமிழ்நாட்டு மின் நிலையங்களுக்குக் கரி ஏற்றிக்கொண்டு போகிறது. எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் திறக்கப்பட்டதே முதன்மையாக இந்தக் கரிக்காகத்தான். இடையில் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் கடல். நாற்பதாயிரம் டன் ஏற்றும் ஒரு கப்பலில் பதினாறாயிரம் டன் சாம்பலாகப் போவது.

வேகன் கவிழ்க்கும் இடத்தைத் தூரத்திலிருந்து பார்க்க முடிந்தது. ஓர் இரும்புக் கை வேகனை அப்படியே அணைத்துத் தலைகீழாகப் புரட்டும். கரி இடியோசையோடு கீழே உள்ள கம்பிச் சட்டத்தின் மேல் கொட்டும். சிறியவை கீழே விழும். தூசி அடங்கிய பிறகு சட்டத்தின் மேல் பெரிய கட்டிகள் மட்டும் எஞ்சியிருந்தன. இரண்டு பேர் சுத்தியலோடு அதன்மேல் ஏறினார்கள். ஓர் அடி, உடைந்தால் கரி, கீழே தள்ளினார்கள். உடையாவிட்டால் இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக எறிந்தார்கள். ஓரத்தில் ஆள் உயரத்துக்குக் கற்குவியல் நின்றது. அத்தனையும் தால்ச்சேரிலிருந்து ரயிலேறி வந்தவை.

அண்ணாச்சி குவியலின் அடியில் உருண்டு கிடந்த ஒன்றை எடுத்து, வேலை நாட்களின் பழக்கமோ என்னவோ, உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"கண்ண மூடிக்கிட்டுச் சொல்லும் தம்பி. கரியா, கல்லா?"

கண்ணை மூடினேன். மணிக்கட்டு கீழே இறங்கியது. அடுத்த வேகன் கவிழும் மணி அடித்தது.